ஃபிசிக்ஸ் ஆறாம் தாளில் "நீயே ஒரு சோதனையைத் திட்டமிடு" கேள்வி: பாப்பாவுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?

கொலுசுப்பட்டறை

எல்லாருக்கும் வணக்கமுங்க. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். என் படிப்பு பத்தாவதோட சரி. பொண்ணு ஏற்காட்டுல ஹாஸ்டல்ல தங்கி கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்துல பத்தாவது படிக்குது. ஃபிசிக்ஸ் தியரியில நல்லாத்தான் மார்க் வாங்குது. இந்த ஆறாம் தாள்தான் காலை வாருது. லேபுக்குள்ள போகாம பேப்பர்லயே செய்முறையைக் கேக்கற தாளாம். ஒரு மணி நேரம், 40 மார்க், மொத்தத்துல 20 சதவீதம். அதுல ஒரு கேள்வி, "இன்ன விஷயத்தை ஆராய ஒரு சோதனையைத் திட்டமிடு"ன்னு வரும், பெரும்பாலும் 7 மார்க். போன மாதிரித் தேர்வுல பாப்பா அதுல வாங்கினது 2.

கேள்வி இதுதான்: சூடான தண்ணி ஆறுற வேகம் பாத்திரத்தோட வாய் அகலத்தைப் பொறுத்து மாறுதான்னு பாக்கத் திட்டம் எழுதணும். பாப்பா எழுதினதைத் தமிழ்ல சொல்றேன்: "வெவ்வேறு பாத்திரங்களில் ஒரே அளவு தண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலையை அளந்து எது சீக்கிரம் ஆறுகிறது என்று பார்க்க வேண்டும். மனிதத் தவறு வராமல் கவனமாகச் செய்ய வேண்டும்." எனக்குப் படிச்சா சரியாத்தான் படுது. இதுல அஞ்சு மார்க் எங்க போச்சுங்க?

அம்மாபேட்டை டீச்சர்

அண்ணா, போன இடத்தை ஒவ்வொண்ணா காட்டறேன்.

"ஒரே அளவு தண்ணி". இங்கிலீஷ்ல 'அமௌன்ட்'னு எழுதியிருப்பா. திருத்தறவங்க அதுக்கு மார்க் போட மாட்டாங்க. கன அளவா, எடையா, ஆழமா? 'வால்யூம்'னு எழுதி, 200 மில்லின்னு ஒரு எண்ணும், அளக்கறது அளவு ஜாடியிலன்னும் சேர்த்தா அது பதில்.

"எது சீக்கிரம் ஆறுகிறது என்று பார்க்க". எதை வச்சுப் பாப்பா? 80 டிகிரியில ஆரம்பிச்சு 5 நிமிஷத்துல எத்தனை டிகிரி இறங்குதுன்னு அளப்பாளா, இல்ல 80ல இருந்து 60க்கு வர எத்தனை நொடின்னு அளப்பாளா? ரெண்டுல எதுவும் சரி. ஒண்ணை எழுதியே ஆகணும்.

"வெவ்வேறு பாத்திரங்கள்". எத்தனை? ரெண்டு பாத்திரத்தை வச்சு ஒரு போக்கைச் சொல்ல முடியாது. அஞ்சு வேணும். அஞ்சுக்கும் வாய் விட்டத்தை ஸ்கேல் வச்சு அளக்கணும். சில்வர் ஒண்ணு, கண்ணாடி ஒண்ணு, பிளாஸ்டிக் ஒண்ணுன்னு இருந்தா எல்லாம் குழம்பிடும். அதனால எல்லாமே ஒரே பொருள்ல செஞ்சதா இருக்கணும்.

"மனிதத் தவறு". இந்த வார்த்தையை எந்தப் பிள்ளை எழுதினாலும் நான் சிவப்புல அடிச்சுடுவேன். என்ன தவறுன்னு சொல்லாம தவறு வராம பாக்கறேன்னு சொன்னா அதுல ஒண்ணுமே இல்ல. "தெர்மாமீட்டர் அளவைக் கண்மட்டத்துக்கு நேரா வச்சுப் படிக்கணும்", "படிக்கறதுக்கு முன்னால தண்ணியைக் கலக்கி விடணும்"னு எழுதினா அது வேற.

அப்புறம் அட்டவணையே போடல. எண்கள் எதுவும் வேண்டாம், வெறும் தலைப்பு போதும்னு கேள்வியிலேயே இருக்கும். விட்டம் / செ.மீ, தொடக்க வெப்பநிலை / °செ, 5 நிமிஷம் கழிச்சு வெப்பநிலை / °செ, இறங்கினது / °செ. அலகில்லாத தலைப்புக்கு மார்க் கிடையாது. கடைசியா, கிடைக்கிற ரீடிங்கை வச்சு எப்படி முடிவுக்கு வருவான்னு ஒரு வரி. "விட்டத்துக்கும் இறங்கின டிகிரிக்கும் கிராஃப் போட்டுப் பாப்பேன்" அவ்வளவுதான். அதையும் விட்டிருக்கா.

ரெக்கார்டு நோட்டு

பொறாமையா இருக்கு, நிஜமா சொல்றேன். நான் ஸ்டேட் போர்டு. பன்னெண்டாவதுல ஸ்பெக்ட்ரோமீட்டர், மீட்டர் பிரிட்ஜ், டேன்ஜென்ட் கால்வனாமீட்டர், ஜீனர் டயோடுன்னு வரிசையா இருந்துச்சு. சோதனையை நீ திட்டமிடுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. முந்தின வருஷத்து அண்ணன் ரெக்கார்டு கைக்கு வரும், பார்த்து எழுதுவோம். பிரிசம் கோணம் 60 டிகிரின்னு எல்லாருக்கும் தெரியும், அதனால 60 வர்ற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவோம். லேப்ல அதுக்குப் பேரே "குக்கிங்". எங்களுக்கு எடுத்தவரே "59.8னு எழுதுடா, 60னு எழுதினா சந்தேகம் வரும்"னு சொன்னார். இன்ஜினியரிங் மொத வருஷம் லேப்ல ஒரு ரீடிங் வராதப்ப எங்க தேடறதுன்னே தெரியாம நின்னேன்.

லேப் தாத்தா

அரசுப் பள்ளி ஆய்வகத்துல முப்பது வருஷத்துக்கு மேல உதவியாளரா இருந்தேன். குக்கிங் பத்தி ரெக்கார்டு தம்பி சொன்னதைக் கேட்டதும் ஒண்ணு ஞாபகம் வருது.

பதினொண்ணாவதுல ஒத்ததிர்வுத் தம்பம் இருக்கே, இசைக்கவையைத் தட்டிக் குழாய் வாய்க்கு நேரா பிடிச்சு, தண்ணி மட்டத்தை இறக்கி, சத்தம் பெருசாகற இடத்தைக் குறிக்கறது. ஏப்ரல் மாசம். சேலத்து வெயில் சொல்லணுமா, லேபுக்குள்ளயே 34 டிகிரி. கவையோட அதிர்வெண் 512 ஹெர்ட்ஸ். ஒரு பையன் முதல் ஒத்ததிர்வுக்கும் ரெண்டாவதுக்கும் இடையில 34.3 சென்டிமீட்டர்னு எடுத்தான். ரெண்டால பெருக்கி, அதிர்வெண்ணால பெருக்கினா ஒலியின் வேகம் நொடிக்கு 351 மீட்டர். கூட இருந்தவனுக 343 வரணுமேன்னாங்க. இவன் பயந்து 34.3ஐ அழிச்சு 33.5னு எழுதிட்டான்.

343ங்கறது 20 டிகிரிக்கு உண்டான வேகம். பூஜ்ய டிகிரியில 331, அதுக்கு மேல டிகிரிக்கு 0.6 கூட்டிக்கிட்டே போகணும். 34 டிகிரிக்குப் போட்டுப் பாருங்க, 351 சொச்சம். பையன் எடுத்த ரீடிங் பத்தரை மாத்துத் தங்கம். பக்கத்து மேசைக்கு மேல சுவத்துல தெர்மாமீட்டர் தொங்கிட்டு இருந்தும், ஒருத்தனும் அதைப் பார்த்து எழுதல. எழுதியிருந்தா அழிச்சிருக்க மாட்டான். அறை வெப்பநிலையை ஏன் குறிக்கச் சொல்றாங்கன்னு அன்னிக்குத்தான் அந்த வகுப்புக்குப் புரிஞ்சுது. மார்க் என்னவோ போனது போனதுதான்.

கொலுசுத் தம்பி, உங்க பாப்பா விஷயத்துக்கு வர்றேன். டீச்சர் சொன்னதெல்லாம் மார்க்குக்குச் சரி. ஆனா ஒரு கொக்கி இருக்கு. 200 மில்லியை அகலமான பாத்திரத்துல ஊத்தினா ஆழம் குறையும். குறுகலானதுல ஊத்தினா ஏறும். அப்ப பக்கவாட்டுச் சுவர் வழியா போற சூடும் மாறுதே. ஆறினது வாயாலயா சுவராலயான்னு எப்படிப் பிரிப்பீங்க?

கொலுசுப்பட்டறை

ஐயா, இது எனக்குத் தோணவே இல்லைங்க. அப்ப என்ன பண்றது?

லேப் தாத்தா

ஒரே டம்ளர். மாத்தவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டை வீட்டுல கிடக்குமே, அதுல வட்டமா நாலு மூடி வெட்டுங்க. ஒண்ணுல ஓட்டை இல்ல. மத்ததுல நடுவுல 2, 4, 6 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஓட்டை. இன்னொரு தடவை மூடியே இல்லாம. தண்ணி, டம்ளர், ஆழம் எல்லாம் அப்படியே இருக்கு. திறந்திருக்கிற வாய் மட்டும் மாறுது.

அம்மாபேட்டை டீச்சர்

ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா பரீட்சையில அஞ்சு பீக்கர்னு எழுதினாலும் மார்க் கிடைக்கும். மூடி யோசனை நல்லதுதான், ஒரு மணி நேரத்துல மத்த கேள்விகளையும் எழுதணும்ல. பிள்ளை குழம்பிடக் கூடாதுன்னு பாக்கறேன்.

லேப் தாத்தா

குழம்பறதுக்கு இப்பதானே நேரம், டீச்சரம்மா. பரீட்சையில குழம்பக் கூடாதுன்னா வீட்டுல குழம்பணும்.

கொலுசுப்பட்டறை

ரெண்டு பேர் சொன்னதையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. எங்க பட்டறையில வெள்ளி எடை போடறப்ப ஃபேனை நிறுத்திட்டுத்தான் போடுவோம். காத்து தட்டுல பட்டா எண் ஆடும். தராசை மொதல்ல சைபர் ஆக்கிட்டு, மூணு தடவை வச்சு எடுத்துப் பார்ப்போம். மூணுல ஒண்ணு மட்டும் தள்ளி நின்னா அதை விட்டுட்டு மறுபடி போடுவோம். எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தான். டீச்சர் "மாறாம வச்சுக்க வேண்டியவை"ன்னு சொல்றது இதுதானா? அப்ப தண்ணி ஆறுறதுக்கும் ஃபேன் கணக்குல வருமே?

அம்மாபேட்டை டீச்சர்

அண்ணா, நீங்க பாதிப் பாடத்தை நடத்திட்டீங்க. காத்தோட்டம், அறை வெப்பநிலை ரெண்டும் மாறாம வைக்கணும்னு எழுதினா அப்படியே மார்க். தராசைச் சைபர் ஆக்கறதுக்கு எங்க பாஷையில பூஜ்யப் பிழை பாக்கறதுன்னு பேரு. தள்ளி நிக்கற எண்ணை விட்டுட்டு மறுபடி எடுக்கறதுக்கும் தனியா மார்க் உண்டு. பாப்பா கிட்ட நீங்க பட்டறைக் கதையையே சொல்லுங்க. அவ அதை விட நல்லா ஞாபகம் வச்சுக்குவா.

மூணாம் வருஷம்

கிராஃபைப் பத்தி யாரும் பேசலையேன்னு வந்தேன். வேகமா சொல்லிடறேன். புள்ளிகள் தாள்ல பாதிக்கு மேல இடம் பிடிக்கணும். கட்டத்துக்கு 1, 2, 5னு அளவு வைக்கணும், 3 வச்சா கண்ணு கட்டிடும், மார்க்கும் போகும். சாய்வு கண்டுபிடிக்கற முக்கோணம் கோட்டோட பாதி நீளத்துக்கு மேல இருக்கணும், அதைக் கிராஃப் மேலயே வரைஞ்சு காட்டணும். கூர்மையான பென்சில், ஒரே மெல்லிய கோடு. புள்ளியைப் புள்ளியோட ஸ்கேல் வச்சு இணைக்கக் கூடாது. என் தம்பி இன்னிக்கும் அதைத்தான் பண்றான். கோடு மூலப்புள்ளி வழியா போனாத்தான் நேர்விகிதம்னு எழுதலாம். வெறுமனே நேர்கோடா இருந்தா பத்தாது.

இன்னொண்ணு, "ரெண்டு மதிப்பும் சமம்னு சொல்லலாமா"ன்னு கேள்வி வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா "சோதனைத் துல்லிய எல்லைக்குள் சமம்"னு எழுதி, அந்த எண்களையும் காட்டணும். வெறும் ஆமா, இல்லைக்கு ஒண்ணும் கிடைக்காது.

காப்பித்தோட்டம்

ஏற்காட்டுக்காரன் பேசறேன். பிள்ளை மலைமேல இருக்கு, அப்பா கீழ இருக்கார். இதை விட்டா வேற நல்ல சோதனை கிடைக்குமா? மேல ஒரு தனி ஊசல், கீழ ஒரு தனி ஊசல். மலைமேல ஈர்ப்பு குறைவு, ஊசல் மெதுவா ஆடணும். ரெண்டு பேரும் 20 அலைவு எண்ணிப் பாருங்க. நம்ம ஊர்ப் பாடமா இருக்கும்.

அம்மாபேட்டை டீச்சர்

கேக்க அழகா இருக்கு. செய்யறதுக்கு முன்னால ஒரு கணக்குப் போடுவோம். நல்ல திட்டம்னா இதுவும் அதுல சேர்த்திதான்.

சேலம் கடல்மட்டத்துக்கு மேல சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 1,200 மீட்டர் சொச்சம் ஏறினா ஈர்ப்பு முடுக்கம் 9.78ல இருந்து குறையறது 0.004 கூட இல்ல. ஒரு மீட்டர் ஊசல் ஒரு அலைவுக்கு 2 நொடி எடுக்கும், 20 அலைவுக்கு 40 நொடி. மேலயும் கீழயும் இருக்கிற வித்தியாசம் இந்த 40 நொடியில 0.008 நொடிதான் வரும். ஸ்டாப்வாட்சைக் கை அமுக்கற தாமதமே 0.2 நொடி வரை போகும். நூல் நீளத்தை அரை மில்லிமீட்டர் தப்பா அளந்தாலே மலை காணாமப் போயிடும்.

செஞ்சா எண் வித்தியாசமாத்தான் வரும். ஆனா அது மலையால வந்ததா இருக்காது. பிள்ளைங்க அதைப் பார்த்துட்டு "ஏற்காட்டுல ஈர்ப்பு குறைவு, நிரூபிச்சாச்சு"ன்னு எழுதிடும்.

காப்பித்தோட்டம்

அடப் போங்க டீச்சர், ஆசையைக் கிளப்பி விட்டு... சரி, அப்ப வேற என்ன இருக்கு? இங்க பருப்பு வேக நேரம் ஆகுது, அது மட்டும் நிஜம். என் வீட்டம்மா கல்யாணமாகி சேலத்துல இருந்து வந்த புதுசுல குக்கர் இல்லாம துவரம்பருப்பு வைக்கறேன்னு பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

லேப் தாத்தா

விடையை நீங்களே சொல்லிட்டீங்களே! கொதிநிலை. உயரம் 300 மீட்டர் ஏறினா ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். சேலத்துல 99க்குப் பக்கம், ஏற்காட்டுல 95க்குப் பக்கம். நாலு டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரிக் கோடு போட்ட சாதாரண லேப் தெர்மாமீட்டர்ல கண்ணுக்குத் தெரியும். ஊசல்ல தெரியாத மலை பருப்புப் பானையில தெரியுது பாருங்க.

கொலுசுப்பட்டறை

போன ஞாயிறு வீட்டுல மூடிச் சோதனை செஞ்சோமுங்க. நானும் வீட்டுக்காரியும். சில்வர் டம்ளர், 200 மில்லி, 80 டிகிரியில ஆரம்பம், 5 நிமிஷம். முழு மூடிக்கு 5 டிகிரி இறங்குச்சு, 2 சென்டிமீட்டர் ஓட்டைக்கு 6, 4க்கு 10, 6க்கு ஒன்பதரை, மூடியே இல்லாம 12. அந்த 4 சென்டிமீட்டர்தான் இடிக்குது. அழிச்சுட்டு எட்டுன்னு போட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, தாத்தா சொன்ன இசைக்கவைப் பையன் ஞாபகம் வந்துட்டான். விசாரிச்சுப் பார்த்தா வீட்டுக்காரி வேர்க்குதுன்னு நடுவுல ஃபேனைப் போட்டிருக்கா! நிறுத்திட்டு மறுபடி எடுத்தோம், ஏழரை.

தண்ணியை ஊத்தின உடனே கடிகாரத்தை அமுக்கலைங்க. குளிர்ந்த டம்ளர்ல விழுந்ததும் தண்ணி ரெண்டு மூணு டிகிரி சட்டுனு இறங்குது. அதனால 85ல ஊத்தி, முள் 80க்கு வந்தப்புறம் எண்ண ஆரம்பிச்சோம். இது சரிதானுங்களா?

அம்மாபேட்டை டீச்சர்

சரிதானான்னா? அதை ஒரு வரியா விடைத்தாள்ல எழுதினா திருத்தறவங்க நிமிர்ந்து உட்காருவாங்க. ஆனா அண்ணா, தெர்மாமீட்டர்ல ஏது முள்ளு!

கொலுசுப்பட்டறை

பழக்க தோஷமுங்க, பழைய தராசு. சிவப்புக் கோடுன்னு வச்சுக்கோங்க.

கொதிநிலையும் பார்த்தேன். வீட்டுல தண்ணி தளதளன்னு கொதிக்கறப்ப 98.5. பாப்பா அவங்க லேப் மிஸ் கிட்ட அனுமதி வாங்கிப் பார்த்துச்சு, 94னு சொல்லுது. நாலரை டிகிரி! தாத்தா சொன்னது சரியாப் போச்சு.

ரெக்கார்டு நோட்டு

ஒரு நிமிஷம். நீங்க பார்த்தது உங்க தெர்மாமீட்டர். பாப்பா பார்த்தது ஸ்கூல் தெர்மாமீட்டர். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதுன்னு எப்படித் தெரியும்? ஒரு டிகிரி தப்பாக் காட்டற தெர்மாமீட்டர் எங்க லேப்லயே மூணு இருந்துச்சு.

லேப் தாத்தா

ரெக்கார்டு தம்பி தேறிட்டான்.

காப்பித்தோட்டம்

தண்ணியும் வேற வேற ஆச்சே. கீழ மேட்டூர்த் தண்ணி, இங்க ஊத்துத் தண்ணி. உப்பு கலந்தா கொதிநிலை ஏறும்னு படிச்சிருக்கோமே?

மூணாம் வருஷம்

ஏறும், ஆனா இங்க கணக்குல வராது. லிட்டருக்கு ஒரு கிராம் சாப்பாட்டு உப்பு கரைஞ்சிருந்தாலும் ஏறறது 0.02 டிகிரிக்குள்ளதான். நம்ம தெர்மாமீட்டர்ல அது கோட்டோட தடிமனுக்குக் கூட வராது. தெர்மாமீட்டர் விஷயம்தான் உதைக்குது. ஒரே தெர்மாமீட்டரை ரெண்டு இடத்துலயும் வைக்கணும். தெர்மாமீட்டரோட குண்டு, பாத்திரத்தோட அடியில படக் கூடாது, அங்க சூடு அதிகமாக் காட்டும்.

கொலுசுப்பட்டறை

இன்னிக்குத்தான் பாப்பாவைப் பாக்கற நாள். தெர்மாமீட்டரைத் துண்டுல சுத்தி, டிபன் பாக்ஸ்ல வச்சு, காலையில பஸ் ஏறிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அதை மடியில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த அம்மா குழந்தைக்கு மருந்தான்னு கேட்டாங்க.

பார்வையாளர் கூடத்துக்குப் பக்கத்துல கேன்டீன்ல கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாத்திரம் தண்ணி கொதிக்க வச்சோம். பாப்பா நூல்ல கட்டி, அடியில படாம தொங்க விட்டுச்சு. 95. ஆற விட்டு மறுபடி. 95. மூணாவது தடவை 94.5. நோட்டுல கோடு போட்டு அட்டவணையா எழுதிட்டு, "சேலம்"னு தலைப்புப் போட்டு, என்னைப் பார்த்துக் கேட்டுச்சு:

"அப்பா, கீழ எத்தனை தடவை எடுத்தீங்க?"

ஒரு தடவைன்னேன். அந்தப் பத்தியைக் காலியாவே விட்டு நோட்டை மூடி வச்சிருச்சு. இப்ப வீட்டுக்கு வந்து அடுப்புல தண்ணி வச்சிருக்கேனுங்க. ரெண்டு ரீடிங் எடுத்துட்டேன், ரெண்டும் 99. வீட்டுக்காரி இன்னும் சோத்துக்கு உலை வைக்கலைன்னு கத்திக்கிட்டிருக்கா. மூணாவதை எடுத்துட்டு வர்றேன்.